போலே போலே

எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனாலும்
கூப்பிடுவது என்னைத்தான்.
செந்தூலிலிருந்து செராஸ் வரை
இருபத்திரண்டு வருடமாக
மற்றவர்களை மேலே அனுப்பியிருக்கிறேன்
குழியின் அடியில் நின்று, கிரீஸ் கையோடு.

திலகாவுக்கு வேலை உறைமீன் கிடங்கில்.
மைனஸ் பதினெட்டு.
மூச்சு உறையும்போது
ஒரு சின்னச் சத்தம் வரும் என்பாள்.
நான் கேட்டதில்லை.

ஆக, உயரம் எனக்குத் தெரியும்,
குளிர் அவளுக்கு.
இந்த முதலை வைத்துக்கொண்டுதான்
தைப்பூச விடுமுறையில்
கிளிமஞ்சாரோ என்று சொல்லிப் பார்த்தோம்,
ரொட்டி சானாய் ஆறிக்கொண்டிருக்க.
புதுப் பானமா அண்ணே என்றான்
மாமாக் கடைப் பையன்.

சேமநிதிக் கடிதத்தின் பின்பக்கம் முழுக்க
அவளுடைய எண்கள்.
டாலரை வெள்ளியாக்கி
வெள்ளியைக் கூடுதல் வேலை மணிகளாக்கி
அடிஸ் அபாபாவில் விமானம் மாறினால்
ஊசிச் செலவு தனி என்று ஓரத்தில் எழுதி.
எல்லாவற்றையும் இரண்டு முறை குறைத்தாள்.
சுமை தூக்குகிறவர்களுக்கான அன்பளிப்பை மட்டும்
தொடவில்லை. அவளும் பெட்டி தூக்குகிறவள்.

கிடங்கு ஜாக்கெட்டை வெளியே கொண்டுவர முடியாது,
அதில் கானாங்கெளுத்தி வாசம் வேறு.
பண்டல் கடையில் ஒன்று கிடைத்தது.
காலரின் உள்ளே
கொரிய எழுத்தில் யாரோ பெயர்.

மாலையில் எங்கள் அடுக்குமாடியில்
நானே பழுது பார்த்த லிஃப்டைக் கடந்துபோய்
படியேறுகிறோம்.
பதினேழு மாடி, ஐம்பத்தொரு மீட்டர்.
மலைவாசலிலிருந்து உச்சிக்கு நாலாயிரம்.
எழுபத்தெட்டு முறையும் சொச்சமும்.
ஒன்பதாம் மாடி குவா அம்மா கதவைத் திறந்து
மறுபடியும் கெட்டுவிட்டதா என்கிறார்,
என்னை மட்டும் பார்த்து.

மோஷியில் வழிகாட்டி, காட்லிசன் மஸாவே.
குரல் பதிவு அனுப்புவார், பின்னால் சேவல் கூவும்.
ஐந்து நாளில் ஏறலாம்,
ஆறாவது நாள் நுரையீரலுக்கு என்றார்.
பிறகு சிரித்தபடி: போலே போலே.
மெல்ல மெல்ல என்று பொருளாம் அங்கே.

எதைப் போலே, என்றாள் திலகா
விளக்கை அணைத்த பிறகும்.
நத்தை போலே. உன் மூட்டைப் போலே.
நீங்க சம்பள உயர்வு கேட்கப் போன நாளைப் போலே.

கணக்கு கடைசியில் வந்து நின்ற இடம்:
ஐந்து நாள் என்றால் இருவர்.
ஆறு நாள் என்றால் ஒருவர்.
மூன்று இரவு அந்தத் தாள்
குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தின் அடியில் கிடந்தது.
நீங்க போங்க என்று அவள் சொல்லவில்லை.
அதற்காகவே அவளை இன்னும் பிடித்தது.
நீ போ என்று நானும் சொல்லவில்லை.
எங்கள் முப்பது வருடத்தில்
இவ்வளவு நேர்மையாக மௌனமாக இருந்ததில்லை.

காட்லிசனுக்கு எழுதினேன்,
பணம் என்று தொடங்கி, அழித்து,
மறுபடி பணம் என்றே தொடங்கி.
பதில் காலையில் வந்தது:
பக்கத்தில் சின்ன மலை ஒன்று, நான்கு நாள்.
உங்கள் ஊரில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.
பெயர் மேரு.

பல்துலக்கிக்கொண்டிருந்தவள்
நுரையோடு வெளியே ஓடி வந்தாள்.
மேருவா?
சிவன் வில்லாக வளைத்தாரே, அதுவா சின்னது?
அவர் இன்னும் நிமிர்த்தி வைக்கவில்லை போல, என்றேன்.
அன்று இருவருக்கும் வேலைக்குத் தாமதம்.

காட்டெருமைகளுக்காக
துப்பாக்கியோடு ஒரு காவலர் கூட வருவாராம்.
உச்சியில் விடியும்போது
கிழக்கே, மேகத்துக்கு மேல்
தெரியுமாம் நாங்கள் போகாத மலை.

அறுபது முறைதான் என்று திருத்தினேன்.
இன்று பன்னிரண்டாம் மாடியில் மூச்சு வாங்க நின்றோம்.
ஜன்னலில் புகைமூட்டம், இரட்டைக் கோபுரம் பாதிதான்.
சுவருக்குப் பின்னால் லிஃப்ட்
எங்களைத் தாண்டி மேலே போனது.
கம்பி லேசாக முனகுகிறது.
திங்கட்கிழமை பார்க்க வேண்டும்.